ஐந்நூறு வகுப்புக்கு ஒரு ஆயில்

இரண்டு புதுக் கார்களும் ஒரே காலையில் டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு வந்தன. ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம், ஒரே இன்ஜின். ஏற்கெனவே மூன்று கார்கள் இருந்ததால் இவற்றுக்கு நாலாம் வண்டி, அஞ்சாம் வண்டி என்று பெயர் வைத்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்நூறு அக்கா மட்டும் முன்சீட்டுக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கையேட்டை எடுத்துக்கொண்டு போய் சுவரோரம் நின்று படிக்க ஆரம்பித்தார்.

"புது வண்டி வந்தா எல்லாரும் பாட்டு போட்டுப் பார்ப்பாங்க. நீங்க பரீட்சைக்குப் படிக்கிறீங்களே அக்கா" என்றார் மாப்பிள்ளை.

"பரீட்சை எனக்கு இல்ல தம்பி. வண்டிக்கு" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

மாப்பிள்ளை என்பவர் ஸ்கூல் முதலாளியின் மருமகன். முதலாளிக்கு முழங்கால் வலி வந்து வீட்டோடு இருந்துவிட்டதால் நிர்வாகம் இவர் கைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலாளி அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதைக் கேட்டு, ஸ்கூல் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. முப்பத்தைந்து வயது. அதற்கு முன்னால் ஒரு பெரிய கிடங்கில், தூர ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் இருபத்தெட்டு லாரிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். வேலை தெரிந்தவர், மரியாதையாகப் பேசுபவர். அவருக்குப் புரியாத ஒன்று ஸ்கூலில் இருந்தது. ஆயில் மாற்றும் முறை.

அலுவலகச் சுவரில், சாவிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அதில் வண்டிக்கு ஒரு கட்டம். வகுப்பு முடிந்து வரும் ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் வண்டியின் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். கோடு ஐந்நூறு ஆனால் அந்த வண்டி மறுநாள் வகுப்புக்குப் போகாது. எதிரே உள்ள பட்டறைக்குப் போய் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக்கொண்டு வரும். மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்பதால்தான் ஐந்நூறு அக்காவுக்கு அந்தப் பெயர்.

அக்கா அங்கே சேர்ந்தது இருபத்தாறு வயதில், விண்ணப்பப் படிவம் எழுதித் தருகிற வேலைக்கு. கார் ஓட்டத் தெரியாது. மதிய நேரத்தில் வண்டி சும்மா நிற்கும்போது கற்றுக்கொண்டார். இரண்டு வருடத்தில் பயிற்சியாளர் ஆகிவிட்டார். இன்ஜினைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வண்டிகள் கெட்டுப்போய்ச் சொல்லித்தந்தன.

முதலில் கெட்ட வண்டியில் தப்பு ஆயிலின் தடிமனில். கையேடு அஞ்சு டபிள்யூ முப்பது என்றது. முன்னால் இருக்கும் எண் சின்னதாக இருந்தால் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் ஆயில் சீக்கிரம் ஓடி மேலே ஏறும். பின்னால் இருக்கும் எண், சூடேறிய பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. கையேட்டை அப்போது யாரும் திறக்கவில்லை. பட்டறைக்காரர் தன் அப்பா காலத்து நம்பிக்கையில் இருபது டபிள்யூ ஐம்பதை ஊற்றினார். "கெட்டியா இருந்தாத்தான் தங்கச்சி இன்ஜினுக்கு பலம். தண்ணி மாதிரி இருக்கறதை ஊத்தினா அது குளிக்கிறதுக்கா?" என்றார். அக்காவும் தலையாட்டினார். அன்று முதல் தினமும் காலையில் வண்டியைக் கிளப்பியதும் இன்ஜின் தலையிலிருந்து நாலைந்து விநாடி தட்டல் கேட்கும். கெட்டி ஆயில் மேலே போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம் அது. அந்த நாலைந்து விநாடியும் உலோகத்தோடு உலோகம் உரசியது. ஒரு வருடத்தில் இன்ஜின் தலையைக் கழற்ற வேண்டி வந்தது. அக்கா அப்போதுதான் உறை பிரிக்காத கையேட்டை எடுத்து, நாலு மதிய இடைவேளையில் முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

இரண்டாவது வண்டி இன்னும் விநோதமாகக் கெட்டது. சரியான ஆயில், சரியான ஃபில்டர். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்று என்று கையேடு சொன்னது. மீட்டர் ஏழாயிரத்தில்தான் இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் பூட்ஸ் பாலிஷ் மாதிரி கறுப்பாக அப்பியிருக்கிறது. பட்டறைக்காரர் ஆயில் கலப்படம் என்றார். முதலாளி ஓட்டியவன் தப்பு என்றார். அக்கா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். சாதாரணமாக ஒருவர் காரை மணிக்கு நாற்பது கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது மணி நேரம். டிரைவிங் ஸ்கூல் வண்டியோ அரை மணி நேர வகுப்பில் ஆறு, ஏழு கிலோமீட்டர் நகர்ந்தால் பெரிய விஷயம். பாதி நேரம் மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்கிறது. ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு தடவை அணைந்துபோகிறது, திரும்பக் கிளம்புகிறது. சக்கரம் உருளவில்லை, இன்ஜின் ஓய்வெடுக்கவும் இல்லை. மீட்டர் ஏழாயிரம் காட்டிய நாளில் அந்த இன்ஜின் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடி முடித்திருந்தது.

இருநூற்றைம்பது மணி நேரம் என்றால் ஐந்நூறு வகுப்பு. அக்கா பலகையை மாட்டினார். முதலாளி ஒரு வாரம் பலகையைப் பார்த்தார், இரண்டாவது வாரம் சாவிப் பெட்டியின் சாவியை அக்கா கையில் கொடுத்தார். "இனிமே எந்த வண்டி வெளிய போகணும், எது போகக் கூடாதுன்னு நீயே சொல்லும்மா." பத்தொன்பது வருடமாக அந்தச் சின்னப் பித்தளைச் சாவி அவர் கைப்பையின் உள் ஜிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஸ்கூலில் ஒரு இன்ஜினும் திறக்கப்படவில்லை.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, நான் இருபத்தெட்டு லாரி பார்த்தவன். எல்லாம் மீட்டர் கணக்குதான். ஒண்ணுகூட நின்னதில்ல. கம்பெனிக்காரன் முட்டாளா? பத்தாயிரம்னு அச்சடிச்சிருக்கான். நீங்க மூவாயிரத்துச் சொச்சத்துல நல்ல ஆயிலைக் கீழ கொட்டறீங்க."

"உங்க லாரி ராத்திரி கிளம்பினா காலைலதான் நிக்கும். நம்ம வண்டி கேட்டைத் தாண்டறதுக்குள்ள மூணு தடவை நிக்கும்."

"சரி, ஒரு பந்தயம். நாலாம் வண்டி உங்க கணக்கு. அஞ்சாம் வண்டி என் கணக்கு, பத்தாயிரம் இல்லேன்னா ஒரு வருஷம். நடுவுல யாரும் ஆயில்ல கை வைக்கக் கூடாது. வருஷ முடிவுல ரெண்டு இன்ஜினையும் திறந்து பார்ப்போம். ரெண்டும் ஒண்ணா இருந்தா சாவிப் பெட்டி என்கிட்ட வரும். வண்டியெல்லாம் வெளி சர்வீஸுக்கு விட்டுடுவேன். நீங்க நிம்மதியா கிளாஸ் மட்டும் எடுங்க."

"நடுவுல கை வச்சா?"

"வச்சவங்க தோத்தாங்க."

அக்கா யோசிக்கவே இல்லை. "சரி தம்பி. ஆனா ரெண்டு வண்டியும் ஒரே மாதிரி உழைக்கணும். ஒரு நாள் காலை முதல் கிளாஸ் நாலு போனா மறுநாள் அஞ்சு. புது ஆளுங்களையும் பங்கு போட்டுத்தான் ஏத்தணும்."

"இவ்வளவு நியாயமா ஆடினா நீங்க தோத்துடுவீங்கக்கா."

"நான் ஆட வரல. நீங்கதான் கூப்பிட்டீங்க."

முதல் இலவச சர்வீஸ் முடிந்த அன்று இரண்டு வண்டிகளிலும் அஞ்சு டபிள்யூ முப்பது, கையேடு சொன்ன தரக் குறியீடு டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா என்று அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகு, ஊற்றப்பட்டது. தலா மூன்று லிட்டர் அறுநூறு மில்லி. இன்ஜினுக்குள் செருகியிருக்கும் அளவுக் கம்பியில், நிரம்பியதைக் காட்டும் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பந்தயம் தொடங்கியது.

வாரம் ஒரு முறை அக்கா ஐந்து வண்டிகளுக்கும் ஒரு வேலை செய்வார். காலையில், யாரும் வண்டியைக் கிளப்புவதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்ப்பார். அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டை, ரத்தான விண்ணப்பப் படிவத்தைக் கிழித்த சின்னத் தாளின் பின்பக்கம் விழவிட்டு, வண்டி எண், தேதி, வகுப்புக் கணக்கு மூன்றையும் எழுதுவார். மறுநாள் சொட்டு பரவி நிற்கும். நடுவில் கறுப்பு, சுற்றிப் பழுப்பு, அதற்கு வெளியே மங்கலாக ஒரு வளையம். நல்ல ஆயில் எப்படிப் பரவும், களைத்த ஆயில் எப்படிப் பரவும் என்பதை அவர் எங்கும் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் புத்தகம் பைண்டிங் செய்பவர். அந்தச் சொட்டுத் தாள்களை அவர்தான் துணி முதுகு வைத்து மூன்று தொகுதியாகக் கட்டிக்கொடுத்திருக்கிறார். "நான் கட்டினதுலயே மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற புத்தகம் இது ஒண்ணுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

நாலாம் வண்டி நாலாவது மாதத்தில் ஐந்நூறு கோட்டைத் தொட்டது. ஆயிலை வடிக்கும்போது அக்கா பட்டறைக்காரரிடம் அளவு போட்ட கேனைக் கொடுத்தார். ஊற்றியது மூன்று அறுநூறு. இன்ஜினுக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், எப்போதும் அதைவிட இருநூறு மில்லி குறைவாகத்தான் வடியும். இம்முறை சரியாக மூன்று அறுநூறே வடிந்தது. அக்கா கேனைத் தரையில் வைத்து, குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நான் அளந்ததுல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு அண்ணே. ஆயில் மேலதான் இல்ல."

அன்றிலிருந்து அஞ்சாம் வண்டியை வாரம் ஒரு முறைக்குப் பதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்தார்.

ஐந்தாம் மாத முடிவில் ஒரு காலை, மாப்பிள்ளையும் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா கம்பியை உருவினார். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே அரை விரல் ஏறி நின்றது.

மாப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! எழுநூத்தி அம்பது கிளாஸ் ஓடியிருக்கு. ஒரு சொட்டு குறையல. சொல்லப்போனா கூடியிருக்கு. இதுக்கு மேல என்னக்கா வேணும் ஒரு இன்ஜினுக்கு?"

"கூடினது நல்லதா தம்பி?"

"குறைஞ்சாத்தானே கெட்டது?"

"ஆயில் குட்டி போடாது" என்றார் அக்கா.

கம்பியை அவர் மூக்கருகே நீட்டினார். மாப்பிள்ளை முகர்ந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வண்டின்னா பெட்ரோல் வாசனை அடிக்கத்தான் செய்யும்" என்று உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதற்குக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. எல்லாம் எரிவதில்லை. மிச்சம் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு கலக்கிறது. நீண்ட தூரம் போகும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடாகி, அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். மைதானத்தில் ஊர்ந்து, அணைந்து, கிளம்பி, அரை மணியில் நிறுத்தப்படும் வண்டியில் அது போக வழியில்லை. சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. கம்பியில் அளவு ஏறுகிறது, ஆயில் நீர்த்துப்போகிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய மெல்லிய படலம் நிற்காது.

அன்று மாலை வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டார்.

"இதுல என்ன குழப்பம்? நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே ஜெயிச்சே. இன்னும் ஏழு மாசம்."

"ஏழு மாசத்துல அந்த இன்ஜின் சலங்கை கட்டி ஆடும்."

"ஆடட்டும். அதைக் கேட்டாத்தானே அவருக்குப் புரியும்?"

"அவருக்குப் புரியறதுக்கு அது சாகணுமா? அது என்ன பாவம் பண்ணிச்சு? என் கிளாஸ்லயும்தான் அது ஓடுது."

"கை வச்சா சாவி போயிடும்."

"தெரியும்."

வீட்டுக்காரர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப முடிவு பண்ணிட்டே. அதுக்கப்புறம் எதுக்கு இந்தச் சோத்துக்கு தண்டனை? சாப்பிடு" என்றார்.

மறுநாள் காலை அஞ்சாம் வண்டியின் முறை. முதல் வகுப்புக்கு ஒரு நர்ஸ் வந்திருந்தார். இரவுப் பணி முடித்துவிட்டு, ஓட்டுநர் தேர்வுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது என்ற பதற்றத்தோடு, கையில் தண்ணீர் பாட்டிலும் இடுப்பில் சொருகிய பேனாவுமாக நின்றார். அக்கா அவரை மூன்றாம் வண்டிக்கு அனுப்பினார். அஞ்சாம் வண்டிச் சாவியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அலுவலக மேசைக்குப் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளை பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்.

"அஞ்சாம் வண்டி ஏன் வெளிய போகல?"

"போகாது தம்பி. ஆயில் மாத்தினாத்தான் போகும்."

"அக்கா, இது பந்தயத்துல கை வைக்கிற மாதிரி."

"மாதிரி இல்ல. அதேதான்." அக்கா கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து பித்தளைச் சாவியை எடுத்து, மேசை மேல், அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். "நான் தோத்துட்டேன். பெட்டி உங்களுது. வெளி சர்வீஸுக்கு விடறதுன்னா விடுங்க. ஆனா இந்த ஒரு தடவை மட்டும், இன்னைக்கே, என் கண் முன்னால இது வடியணும். வடியறதை நீங்களும் பக்கத்துல நின்னு பாக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

மாப்பிள்ளை சாவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வெளியே நர்ஸ் மூன்றாம் வண்டியை ஒரு குலுக்கலோடு கிளப்பி, உடனே அணைத்து, மறுபடி கிளப்பினார்.

"சும்மா இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருக்கலாம்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கல. தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"வண்டி ரெண்டும் என்கிட்டதான் வந்துச்சு. ஒண்ணை வளர்த்து ஒண்ணைப் பட்டினி போட என்னால முடியாது. போலாமா? எட்டரைக்கு ஆள் வந்துடும்."

பட்டறை தெருவுக்கு எதிரே. மாப்பிள்ளையே அஞ்சாம் வண்டியைக் குழிக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினார். பட்டறைக்காரர் மாப்பிள்ளையின் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்துவிட்டு, "தள்ளி நில்லுங்க சார், இது கல்யாண வீடு இல்ல" என்றார். மாப்பிள்ளை தள்ளி நிற்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அளவு போட்ட கேனைத் தானே வாங்கிக் குழிக்குள் இறங்கினார். ஏமாற்று இல்லாமல் அளக்க வேண்டும் என்பதில் அவரும் குறைந்தவர் இல்லை.

அடி போல்ட் கழன்றது. புது ஆயில் நூலாக இறங்கும். தேய்ந்த ஆயிலும் கொஞ்சம் நிதானமாகத்தான் இறங்கும். இது தெறித்துக்கொண்டு கொட்டியது. பட்டறைக்காரர் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, விரலை மாப்பிள்ளை முன்னால் நீட்டினார். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, கேனைச் சமதளத்தில் வைத்து, மூன்று பேரும் குனிந்தார்கள்.

மூன்று லிட்டர் தொள்ளாயிரத்து ஐம்பது.

"எவ்வளவு ஊத்தினோம்?" என்றார் மாப்பிள்ளை. அவருக்கே தெரியும், அவரும் அன்று நின்றிருந்தார்.

"மூணு அறுநூறு. வர வேண்டியது மூணு நானூறு."

"அரை லிட்டருக்கு மேல..." மாப்பிள்ளை குழியின் படியில் உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்காரர் பேச வாயெடுத்தபோது அக்கா கண்ணாலேயே அடக்கினார்.

"அக்கா" என்றார் மாப்பிள்ளை திடீரென்று. "எங்க கிடங்குல ஒரு ஜெனரேட்டர் இருந்துச்சு."

"சொல்லுங்க."

"லாரிக்கெல்லாம் நான் கிலோமீட்டர்லதான் ஆயில் மாத்துவேன். ஜெனரேட்டருக்கு மட்டும் மணிக்கணக்கு. அதுல ஒரு மீட்டரே இருக்கும், எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு. இருநூத்தி அம்பது மணிக்கு ஒரு தடவை. நானேதான் கையெழுத்துப் போடுவேன். ஏன் அதுக்கு மட்டும் மணின்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்ல." சிரிப்பு வந்தது அவருக்கு. "அது நகராதே! நகராத இன்ஜினுக்கு கிலோமீட்டர் ஏது? நம்மளது சக்கரம் வச்ச ஜெனரேட்டர்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக அவர் கூம்புகளையும் கோடுகளையும் வைத்துப் புரியவைக்க முயன்றதை, இவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

"இது எனக்குத் தோணவே இல்ல தம்பி" என்றார், மனமார. "இனிமே கேக்கறவங்களுக்கெல்லாம் இதையே சொல்றேன்."

"இருநூத்தி அம்பதுன்னு நீங்க எதைப் பார்த்து வச்சீங்க?"

"நாற்பதால வகுத்தேன்."

"ஜெனரேட்டர் புத்தகத்துலயும் அதே நம்பர்தான் போட்டிருக்கான்!"

"அப்ப அவனும் வகுத்திருப்பான்" என்றார் அக்கா.

"ஆனா அக்கா, ஒண்ணு கேக்கவா? நாலாம் வண்டில ஐநூறு கிளாஸ்லயே மூணு அறுநூறு வந்துச்சுன்னு இங்க வரும்போது சொன்னீங்க. அப்ப அதுலயும் இருநூறு மில்லி கூடிடுச்சு. இந்தப் புது இன்ஜினுக்கு உங்க ஐநூறே ஜாஸ்தியோ?"

பட்டறைக்காரர் கையிலிருந்த ஸ்பானரை நிறுத்தினார். அந்த எண்ணை யாரும் இதுவரை தொட்டதில்லை. அதுதான் அக்காவின் பெயர்.

அக்கா மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களை மனதுக்குள் புரட்டினார். கம்பி மேல் கோட்டைத் தாண்டியது எந்தத் தேதியில், அன்று எத்தனை கோடு என்று யோசித்தார். "முந்நூத்தி எண்பதுலதான் ஏற ஆரம்பிச்சுது" என்றார். "பழைய மூணுக்கும் ஐநூறு சரி. இந்த ரெண்டுக்கும் நானூறுல மாத்திப் பார்ப்போம். கையேட்டுல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு, அடிக்கடி நிறுத்திக் கிளப்பற வண்டிக்குப் பாதியாக் குறைன்னு. அதாவது ஐயாயிரம். நானூறு கிளாஸ்னா அதுலயும் பாதி கிலோமீட்டர்தான் வரும். இன்னும் நல்லது."

"அப்ப உங்களை நானூறு அக்கான்னு கூப்பிடணுமா இனிமே?" என்றார் பட்டறைக்காரர்.

"முதல்ல நீங்க ஃபில்டரை மாத்துங்க அண்ணே. பேரை அப்புறம் மாத்தலாம்."

புது ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, கீழே கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, அணைத்து, ஆயில் கீழிறங்கக் காத்திருந்து, அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தார்கள். மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு, தேன் நிறத்தில் நின்றது. இன்ஜின் ஓடும்போது பட்டறைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் ஆகல. பிழைச்சுது" என்றார். அக்காவும் கேட்டிருந்தார். அவர் தோள்கள் இறங்கின.

திரும்பி வந்தபோது பித்தளைச் சாவி மேசை மேல் வைத்த இடத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை அதை எடுத்தார். சாவிப் பெட்டியைத் திறந்தார். அஞ்சாம் வண்டிச் சாவியை அதன் கொக்கியில் மாட்டினார், பெட்டியைப் பூட்டினார். பூட்டிய சாவியைத் தன் பையில் போடப் போனவர் நின்றார்.

"பந்தயத்துப்படி இது என்னுது."

"ஆமா தம்பி."

"என்னுதுதானே? என் பொருளை நான் யார்கிட்ட வேணும்னாலும் குடுக்கலாம்." அக்காவின் கைப்பை திறந்தே இருந்தது. அதற்குள் போட்டார். "எட்டரை கிளாஸுக்கு ஆள் வந்து உக்காந்திருக்காரு. வண்டி குடுங்க."

அக்கா ஜிப்பை மூடவில்லை. சாவியை வெளியே எடுத்து, பெட்டியைத் திறந்து, அஞ்சாம் வண்டிச் சாவியைப் பயிற்சியாளரிடம் கொடுத்தார். மாப்பிள்ளை அதற்குள் வெள்ளைப் பலகையின் முன்னால் நின்று, அஞ்சாம் வண்டிக் கட்டத்தில் ஐந்தைந்தாகச் சேர்ந்திருந்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கட்டுக் கோடுகளையும் துணியால் அழித்துவிட்டு, கட்டத்தின் மூலையில் இலக்கு நானூறு என்று எழுதினார். அதன் கீழே பெரிதாக ஒரு சைபர் போட்டார். போட்டுவிட்டு, சரிதானே என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா பலகையை ஒரு கணம் பார்த்தார்.

"சைபர் இல்ல தம்பி. கசிவு பாக்க பத்து நிமிஷம் ஓடவிட்டோம்."

மாப்பிள்ளை எழுதுகோலை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சைபரை அழித்துவிட்டு, மற்ற கோடுகளின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்படி, அளந்து, ஒரு குட்டிக் கோடு போட்டார்.